பன்னிரண்டு நாள் தலையும் மட்டக்களப்பு வெயிலும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆரையம்பதியில் சைக்கிளில் ஐஸ் கட்டி விற்றேன். பிறகு ஐஸ் விற்பவர்களுக்கே ஐஸ் கொடுக்கும் ஆலையைக் கட்டினேன். அதை எரித்தார்கள். யார் எரித்தது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள். எரிந்தது மட்டும் உண்மை. திரும்பவும் கட்டினேன், திரும்பவும் போயிற்று. கையில் ஒரு பையோடு சென்னைக்கு வந்து, ஒரு குசினியும் நாலு பாயும் வைத்து, விசாவுக்குக் காத்திருந்த நம் ஊர் ஆட்களுக்குச் சோறு போட்டேன். இன்றைக்கு அந்த இடத்தில் மூன்று மாடி விடுதி நிற்கிறது. எஞ்சினியர் போட்ட படிக்கட்டை இடிக்கச் சொல்லி, நான் காட்டிய மாதிரிக் கட்ட வைத்தேன். இதுவரை ஒருவரும் அதில் தடுக்கி விழவில்லை. தண்ணீர் வராது என்று மூன்று பேர் சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. கடைசியாக, அறுபத்தொரு வயதில், முப்பது வருடம் வெறுந்தரையாகக் கிடந்த என் முன்தலையில் ஆயிரத்து எண்ணூறு முடி நட்டேன். நட்டது டாக்டர் என்பார்கள். துணிந்து தலையைக் கொடுத்தது நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்தலையில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஒரு விரல் அகலத்துக்குத் தோலை வாராக எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தைத்துவிடுவார்கள். வாரில் இருக்கிற முடிகளை வேரோடு ஒவ்வொன்றாகப் பிரித்து, முன்தலையில் ஊசியால் துளை போட்டுச் செருகுவார்கள். ஒவ்வொரு துளையிலும் கடுகளவு பொருக்கு கட்டும். முதல் இரண்டு வாரம் கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

ஒன்பதாவது நாள் ஆரையம்பதியிலிருந்து மச்சான் முறையானவன் போன் எடுத்தான். கதிரவெளியில் கலியாணம் முடித்துப் போன என் அக்கா பூரணம் முகாமில் இருக்கிறாள் என்றான். அந்தப் பக்கம் சண்டை நெருங்க, சனங்கள் கடற்கரையாலும் காட்டாலும் நடந்து வந்து வாவிக்கு மேற்கே ஒரு வெளியில் தறப்பாள் போட்டுக் கிடக்கிறார்களாம். அக்காவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. மருந்து முடிந்து மூன்று வாரம். அத்தான் இல்லை. ஒரே மகன் கனடாவில்.

"நீ வராட்டி ஆரு வாற?" என்றான். அது கேள்வி இல்லை.

டாக்டர் சின்னப் பையன், ஆனால் கெட்டிக்காரன். "பைத்தியமா சார் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தான். மூன்று மாதம் தலையில் நேர் வெயில் படக்கூடாது. இறுக்கமான தொப்பி கூடாது. வியர்க்கக் கூடாது, குனியக் கூடாது, சொறியவே கூடாது. மூன்று மணிக்கு ஒரு தடவை உப்புநீர் தெளிக்க வேண்டும். குளித்தால் குவளையில் மொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும். எண்ணெய், களிம்பு, நாட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

"இன்னொண்ணு சார். தோல் மரத்துப் போயிருக்கு. வெயில் சுட்டாலும் உங்களுக்கே தெரியாது. அப்புறம் தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை."

ஒரு பெரிய துணித் தொப்பி, கறுப்புக் குடை, தெளிக்கிற போத்தல். இவ்வளவும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பன்னிரண்டாவது நாள் வெட்ட வேண்டிய தையலும் தலையிலேயே இருந்தது.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வான் வண்டி. எத்தனை சோதனைச் சாவடி என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் இறங்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், குடையை மடக்கி வெறும் வெயிலில் வரிசையாக நடக்க வேண்டும். ஓரிடத்தில் ஓர் ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். குனிந்து பார்த்தவன் முகம் மாறி, "போடுங்கள் அப்பா, சுருக்காகப் போடுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிப் பையைக்கூடப் பார்க்காமல் விட்டான். ஐஸ் விற்ற காலத்தில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். என் தோரணையைப் பார்த்து மரியாதை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மன்னம்பிட்டி தாண்டி வானுக்குக் காற்றுப் போயிற்று. மாற்றுச் சில்லும் காற்றில்லாமல் கிடந்தது. சனங்கள் ஒரே ஒரு மரத்தின் கீழே நெருங்கி நின்றார்கள். நான் குடையின் கீழ் நின்றேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். குடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சரித்தேன். என் பக்கம் வெயில் ஏறியது. திரும்ப நேராக்கிவிட்டேன். அவள் குழந்தையோடு மரத்தடிக்குத் திரும்பிப் போனாள்.

மட்டக்களப்பில் வெயில் வேறு மாதிரி. சென்னை வெயில் மேலே இருந்து அடிக்கும். இங்கே வாவித் தண்ணீரில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். குடை பாதி வேலைதான் செய்யும். ஆனால் சாப்பாட்டில் சென்னை கிட்ட வரமுடியாது. கடையில் புட்டும் மீன் சொதியும் கூனிச் சுண்டலும் தந்தார்கள். கூனி என்றால் அரிசி அளவு இறால். மூன்று தடவை வாங்கினேன். தேத்தண்ணீர்க்காரன் என் தொப்பியைப் பார்த்துவிட்டு "வெளிநாடோ ஐயா?" என்றான். ஆரையம்பதி என்றேன். நம்பவில்லை.

ஓட்டோக்காரன் காத்தான்குடி றகீம். நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவன், பாலத்தில் காற்று தொப்பியைத் தூக்கியபோது எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட வயல் வட்டையில எல்லாரும் விதைக்கிற. நாத்து நடுறத நான் இப்பதான் பாக்கன், அண்ணன்," என்றான். "தண்ணி கட்டுறீங்களா?"

போத்தலைக் காட்டினேன். வண்டியை ஓரமாக்கிவிட்டுச் சிரித்தான். இந்தப் பயணத்தில் என் தலை இன்னதென்று சரியாகத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அவன்தான்.

மறுநாள் காலை முகாம். வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நம்பர்த் துண்டு தந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் நாலு மணிக்கு வெளியே போய்விட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போக முடியாது.

ஒரு மரம் இல்லை. இருந்த மரங்களையும் புல்டோசர் போட்டுத் தள்ளித் துப்புரவாக்கியிருந்தார்கள். வெள்ளைத் தறப்பாள் கொட்டில்கள், இடுப்பளவு உயரம். பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது, அவிந்துவிடும். சனங்கள் கொட்டிலுக்கு வெளியே விழுகிற ஒரு முழ நிழலில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். நிழல் நகர நகர, வரிசை முழுவதும் இருந்தபடியே நகரும். மத்தியானம் அந்த நிழலும் இல்லை.

அக்காவை அடையாளம் காணவில்லை. பக்கத்தில் இருந்தவர் காட்டினார். பாதியாகப் போயிருந்தாள். நாக்கு வறண்டு, கண் சொருகிச் சொருகி வந்தது.

"வந்திட்டியா தம்பி," என்றாள். "தண்ணி குடிச்சுக் குடிச்சுத் தாகம் போகுதில்ல. என்னடா இது, துரைமார்ர தொப்பி?"

"வெயிலுக்கு."

"எல்லாருக்கும்தான் வெயில்."

அவளைக் காட்டித் தந்தவர் கணபதிப்பிள்ளை. கதிரவெளி மீன்காரன். கணுக்காலுக்கு மேல் செல் குண்டுத் துண்டு ஏறியிருந்தது. சாரத்துணியால் கட்டியிருந்தார், கால் மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. தோணியை விட்டவர் சவளை விடவில்லை. அந்தத் துடுப்பை ஊன்றித்தான் அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார். இப்போது அதை நிலத்தில் நட்டு, கிழிந்த நீலத் தறப்பாள் துண்டொன்றைக் கட்டி நிழல் பிடித்திருந்தார். முகாமில் மத்தியானத்திலும் நிழல் இருந்த இடம் அது ஒன்றுதான். அக்காவை அதற்குள் பாதி இழுத்து வைத்திருந்தார். மனைவி எந்த முகாமில் என்று அவருக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரிக்கு வான் போகும் என்றார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் பெண் அட்டையும் பேனையுமாக வந்தாள். நான் யார், என்னென்ன கட்டினேன், எனக்கு யாரைத் தெரியும் என்று அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இருக்கலாம் ஐயா. வானில ஆறு இடம். காயக்காரர் மூணு பேர், ஒராளுக்கு ஒரு துணை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் புதன்கிழமை வருவார்."

"புதன் வரைக்கும் இவ தாங்கமாட்டா புள்ள."

"எனக்கும் தெரியுது ஐயா. காயம் இருந்தாத்தான் அவங்க வாசலால விடுவாங்க."

வெளியே வந்ததும் றகீமைக் கொண்டு மாத்திரை தேடினேன். மூன்று கடையில் இல்லை. நாலாவதில் கிடைத்ததை மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விழுங்கியதை அப்படியே சத்தியெடுத்துவிட்டாள். மூச்சில் ஒரு மாதிரிப் பழவாடை அடித்தது. கை வைத்தால் கண் திறப்பாள், எடுத்தால் மூடுவாள். அன்று என் தலைக்குப் பன்னிரண்டாவது நாள்.

பதினொரு மணிக்குக் கச்சான் காற்று எழும்பியது. நெருப்புக் காற்று, மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். குடை பின்பக்கமாகப் பிரிந்து கம்பி முறிந்தது. தொப்பி பறந்துபோய் முள்கம்பியில் மாட்டியது. இரண்டு கையாலும் அக்காவைப் பிடித்திருந்தேன், எழும்ப முடியவில்லை.

சுற்றி இருந்தவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். முன்னால் முழுக்கப் பொருக்கு, பின்னால் காதுக்குக் காது கறுப்பு நூல் தையல். அந்த முகாமில் அப்படி ஒரு தலைக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

ஒரு வயசாளி மனுசி எழும்பி வந்தாள். "எங்க மனே பட்டது?"

"பின்னாலதான் தையல்," என்றேன்.

"முன்னாலயும் பொடிப் பீஸ் ஏறியிருக்கு," என்று இன்னொருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "இந்தத் தலையோட அக்காவப் பாக்க வந்திருக்கார், பாருங்களன்."

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ ஈரச்சீலையைத் தலைக்கு மேலே தொடாமல் பிடித்தார்கள். கணபதிப்பிள்ளை சவளின் கீழிருந்து தன் காலை இழுத்துக்கொண்டு வெளியே நகர்ந்தார். "உள்ளுக்கு வாங்க அண்ணே. தலைக்காயம் வெயிலக் காணப்படாது."

நான் உள்ளே போனேன். டாக்டர் சொன்னதும் அதுதானே.

அட்டைக்காரப் பெண் ஓடி வந்தாள். "ஏன் ஐயா நேத்துச் சொல்லல்ல? எத்தன நாள்?"

"பன்னிரண்டு."

அவள் கண்ணை மூடி நாளைக் கணக்குப் பார்த்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன் கதிரவெளிப் பக்கம் செல்லடி விழுந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

"தலைச்சுத்து இருக்கா?"

இருந்தது. வெயில்.

"தொட்டா உணர்ச்சி?"

"இல்ல. மரத்துக் கிடக்கு."

எழுதினாள். பார்க்க வந்தவன் ஓட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஒரு வார்த்தைகூட நான் பொய் சொல்லவில்லை. இதைப் பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை என்பதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைய வானுக்கு மூன்று காயக்காரரும் முன்பே எழுதியாயிற்று. ஒரு பெண்ணுக்கு வயிறு, ஒருவருக்குக் கண், மூன்றாவது கணபதிப்பிள்ளை. அவள் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரே சொன்னார்.

"என்ட பேர வெட்டுங்க மிஸ். கால் ஒரு நாள் பொறுக்கும், தலை பொறுக்காது. நான் நாளைக்கு ஏறுறன்."

"நாளைக்கு முதல் பேர் உங்கடதான் அண்ணன்."

"அண்ணனுக்குத் துணையா அக்கா போகட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அக்காக்கும் மருந்து கிடைக்கும். பாருங்க, உங்கட தலையால ரெண்டு பேருக்குச் சுகம்."

அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. அக்காவின் தலை என் தோளில் கிடந்தது. சொல்லவில்லை.

வாசலில் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்த ஆமிக்காரன் என் தலையைப் பார்த்துவிட்டு, வெளியாள் எப்படி உள்ளே காயக்காரன் ஆனான் என்று ஒன்றும் கேட்கவில்லை. வான் கதவைத் தானே இழுத்துச் சாத்தினான்.

வானுக்குள் வயிற்றுக்காரப் பெண் முனகிக்கொண்டே வந்தாள். மண்பாதை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல். ஜன்னலால் காற்று வந்ததில் அக்கா கொஞ்சம் தெளிந்தாள். என் முன்தலைக்குக் கிட்டக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைப் பார்க்கிற பார்வை அது.

"டேய், ஒரு கோட்டில வரிசையா இருக்கு. செல் இப்பிடி வரிசையாப் படுமா?"

சொன்னேன். வேறு என்ன செய்ய.

வாவி வந்தது. பாலத்துக்குக் கிட்ட ஒருவன் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான்.

"கணவதிக்குத் துணைக்கு ஆளில்ல," என்றாள். "என்னை வரச்சொன்னவன். நேத்து நீ போன பிறகு பறைஞ்சு வச்ச நாங்க. அவன் காயக்காரன், நான் துணை. காலையில உனக்குச் சொல்லத்தான் இருந்த. எழும்ப ஏலாமப் போயிற்று."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. வானில் அவருக்கும் இடம் இருந்தது, அக்காவுக்கும் இடம் இருந்தது. நான் பக்கத்தில் வந்து குந்தியிருக்காவிட்டால் இரண்டு பேரும் இதே வானில் வந்திருப்பார்கள்.

"வானத் திருப்பச் சொல்லு," என்றாள்.

"திருப்பமாட்டான் அக்கா."

"கேட்டுப் பாரு."

நான் கேட்கவில்லை. திருப்பினால் அவளும் திரும்பிப் போவாள்.

பெரியாஸ்பத்திரியில் அவளை முதலில் பாருங்கள் என்று கத்தி, ஆளைத் தள்ளி, அரை மணியில் சேலைன் ஏற்ற வைத்தேன். அதைச் செய்ய நான்தான் வேண்டும். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர். பிறகு தாதி என்னைக் கதிரையில் இருத்தித் தலையைப் பார்த்தாள்.

"இது செல் இல்லையே ஐயா. கத்தியால நேரா வெட்டித் தச்சிருக்கு."

"முடி நட்டது."

கத்தரிக்கோலை எடுத்தவள் அப்படியே நின்றாள். "அப்ப வானில எதுக்கு வந்த?"

தையலை வெட்டினாள், ஒன்றொன்றாக, மெதுவாகவே வெட்டினாள். நோகவில்லை. முன்தலை கொப்புளம் போட்டிருக்கிறது, பார்க்கவில்லையா என்று கேட்டாள். எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடி தந்தாள். வெயில் நட்டதையெல்லாம் அவித்திருந்தது.

அடுத்த நாள் வான் போகவில்லை. பாதையை மூடிவிட்டார்கள். நானும் றகீமும் இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் முதல் சாவடியிலேயே திருப்பினார்கள். அட்டைக்காரப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டாள். தாதி சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அக்காவை ஆரையம்பதியில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு நான் சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

டாக்டர் என் தலையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். முன்வரிசை முழுவதும் போச்சு, பின்னால் இருநூறு தேறலாம் என்றான். திரும்பச் செய்யலாமா என்று அவன்தான் கேட்டான். வேண்டாம் என்றேன்.

பிறகு ஒரு காலை றகீம் போன் எடுத்தான். வழமையாக முதலில் என் தலையைப் பற்றி ஒரு பகிடி விடுவான். அன்று விடவில்லை.

"அண்ணன், அந்தக் கால்க்காரர் மௌத்தாப் போயிட்டார். வான் போன ஆறாம் நாள் கொண்டு வந்திருக்காங்க. புண் மேல ஏறிட்டாம்."

அக்கா அதற்குப் பிறகு பல வருடம் இருந்தாள். என்னோடு பேசினாள், சமைத்துத் தந்தாள், வெயிலில் போகாதே என்றாள். கணபதிப்பிள்ளையின் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்து, மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தாள். என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

போன மாதம் அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலர் கனடாவிலிருந்து வந்தது. நல்ல தாள், வர்ணப் படம். மருமகன் எழுதியிருக்கிறான்: "யுத்த காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அம்மாவை முகாமிலிருந்து மீட்டு உயிர் கொடுத்தது." என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் உறவினர் வரிசையில், பத்துப் பேருக்கு நடுவில் கிடக்கிறது.

இது சரியில்லை. இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். வருடாந்த மலர் அடிக்கும்போது திருத்திப் போட வேண்டும் என்று மருமகனைக் கேட்கிறேன். பூரணம் அக்காவை முகாமிலிருந்து கொண்டுவந்தது நிறுவனம் இல்லை, நான். கதிரவெளிக் கணபதிப்பிள்ளையின் இடத்தில் ஏறி, அவரை அங்கே விட்டுவிட்டு வந்தவனும் நான். என் முழுப் பெயரையும் அவருடைய முழுப் பெயரையும் போட வேண்டும். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் இடம் காணாது, ஒன்றைத்தான் போடலாம் என்று அச்சகத்தில் சொன்னால், இரண்டாவதைப் போடட்டும்.